இ-புக்குக்கும் ஏன் க்யூ? கிண்டில், ஏஐ காலத்தில் நூலகர் செய்யும் புது வேலை

அமெரிக்காவிலோ கனடாவிலோ உங்க அக்காவோ, காலேஜ் நண்பரோ இருந்தால் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள். அங்கே பொது நூலக அட்டை ஒன்று இருந்தால் போதும். 'லிப்பி' என்ற செயலியில் வீட்டிலிருந்தபடியே இ-புக் இரவல் எடுக்கலாம், அதுவும் இலவசமாக. ஆனால் பரபரப்பாக விற்றுக்கொண்டிருக்கும் ஒரு நாவலைத் தேடினால், உங்கள் முறை வர இன்னும் பல வாரங்கள் ஆகும் என்று செயலி சொல்லும்.

கொஞ்சம் விசித்திரமா இல்ல? இ-புக் என்பது ஒரு ஃபைல். கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்-ஐ ஒரே தட்டலில் நூறு பேருக்கு அனுப்புகிறோம். அப்படியிருக்க ஒரு ஃபைலுக்கு எதுக்கு க்யூ?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். கிண்டில் வந்தாச்சு, கூகுள் இருக்கு, ஏஐ எல்லாத்துக்கும் பதில் சொல்லுது, இனிமே நூலகர் எதுக்கு என்று பலரும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு.

க்யூ எப்படி உருவாகிறது?

அமேசான் தன் முதல் கிண்டிலை 2007 நவம்பரில் 399 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஐந்தரை மணி நேரத்தில் இருப்பு தீர்ந்துபோனது. நூலகங்களுக்கு இ-புக் வழங்கும் வேலையை அதற்கு முன்பே 'ஓவர்டிரைவ்' என்ற அமெரிக்க நிறுவனம் செய்துகொண்டிருந்தது. 2011-ல் அமெரிக்க நூலகங்களின் இ-புக்குகளைக் கிண்டிலிலும் படிக்க வழி பிறந்தது. 2017-ல் அதே ஓவர்டிரைவ் நிறுவனம் லிப்பி செயலியை வெளியிட்டது.

இங்கேதான் பதிப்பாளர்களுக்கு பயம் வந்தது. அச்சுப் புத்தகத்தை இரவல் வாங்க நீங்கள் நூலகத்துக்குப் போக வேண்டும், திருப்பிக் கொடுக்க மறுபடி போக வேண்டும். இந்த அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு, காசு கொடுத்தே வாங்கிவிடுவோம் என்று நினைப்பவர்கள் உண்டு. இ-புக்கில் அந்த அலைச்சலே கிடையாது. சோபாவில் படுத்துக்கொண்டே இலவசமாக எடுக்கலாம் என்றால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அவர்களின் கேள்வி.

அதனால் ஒரு விதி வந்தது. நூலகம் ஒரு உரிமம் வாங்கினால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அந்த இ-புக்கைப் படிக்க முடியும். அவருடைய தவணை முடிந்த பிறகுதான் அடுத்தவருக்குப் போகும். அச்சுப் புத்தகத்தின் குறையை மென்பொருள் மூலம் இ-புக்குக்கும் ஒட்டிவிட்டார்கள். க்யூ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாங்கினால் சொந்தம், இ-புக் என்றால் வாடகை

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது.

ஒரு அச்சுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்கலாம், இரவல் தரலாம், சும்மாவும் கொடுக்கலாம். பதிப்பாளரைக் கேட்க வேண்டியதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-லேயே இந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டுவிட்டது. மூர் மார்க்கெட்டில் தொடங்கி உங்கள் ஊர்க் கிளை நூலகம் வரை, பழைய புத்தகக் கடையும் இரவல் நூலகமும் இயங்குவது இந்த அடிப்படையில்தான்.

இ-புக்கில் நீங்கள் 'வாங்கு' பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலும் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. வீடு வாங்குவதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

இதை உலகம் முகத்தில் அடித்தாற்போல் உணர்ந்தது 2009 ஜூலையில். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் குறிப்பிட்ட இ-புக் பதிப்புகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால் வாசகர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது, பிறகு மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால் அரசாங்கம் ஆவணங்களை அழிப்பதைப் பற்றிய நாவலே அப்படி அழிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் இ-புக் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய புத்தகங்களும் வாசகர்களிடமிருந்து போய்விட்டன. அங்கேயும் பணம் திரும்பக் கிடைத்தது. புத்தகம் கிடைக்கவில்லை.

தனி ஆளுக்கே இந்த நிலை என்றால், லட்சக்கணக்கானவர்களுக்குப் புத்தகம் சேர்த்து வைக்கிற நூலகத்துக்கு?

26 பேர் படித்தால் காலாவதி

2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு நிபந்தனை போட்டது. நூலகம் வாங்கும் ஒவ்வொரு இ-புக் உரிமமும் 26 இரவல்களுக்கு மட்டுமே செல்லும், அதன்பின் மறுபடி வாங்க வேண்டும். ஒரு இரவல் இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டால் 26 இரவல் சரியாக ஒரு வருடம். அச்சுப் புத்தகமும் தேய்ந்து, கிழிந்து போகுமே என்று காரணம் சொன்னார்கள். 26 பேர் படித்த பிறகும் ஜோராக இருக்கும் அச்சுப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு நூலகர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள்.

பிறகு பல பெரிய பதிப்பகங்கள் இரண்டு வருட உரிமத்துக்கு மாறின. 2019 நவம்பரில் மேக்மில்லன் இன்னும் ஒரு படி மேலே போனது. புதுப் புத்தகம் வெளியாகி முதல் எட்டு வாரங்களுக்கு, ஒரு நூலக அமைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒரே ஒரு இ-புக் பிரதிதான் வாங்கலாம் என்றது. சிறிய டவுன் நூலகத்துக்கும் ஒன்று, பல லட்சம் பேருக்குச் சேவை செய்யும் மாநகர நூலகத்துக்கும் ஒன்று.

அமெரிக்க நூலகர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் திரட்டிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டனர். சில நூலக அமைப்புகள் மேக்மில்லனின் புது இ-புக்குகளை வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில், கொரோனா உலகையே முடக்கிய நேரத்தில், மேக்மில்லன் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது.

கவனித்தீர்களா? 'அமைதி காக்கவும்' போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்று நாம் நினைக்கும் நூலகர், இங்கே ஒரு பன்னாட்டுப் பதிப்பகத்தோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு

அந்தப் பேரம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தச் சமயத்தில் மேக்மில்லன் நூலகங்களுக்குச் சொன்ன வழக்கமான விலை இரண்டு வருட உரிமத்துக்கு 60 டாலர். ஒரு நூலகரிடம் 600 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த விலையில் பத்து உரிமம் வாங்கலாம். இரண்டு வருடம் கழித்து அலமாரியில் என்ன இருக்கும்? பூஜ்யம். அதே 600 டாலருக்கு, ஒன்று 30 டாலர் என்று இருபது அச்சுப் புத்தகம் வாங்கினால், இரண்டு வருடம் கழித்தும் அவற்றில் பெரும்பாலானவை இருக்கும்.

அதுக்காக இ-புக்கே வேண்டாம் என்று விட்டுவிட முடியுமா? முடியாது. படுக்கையில் இருக்கும் முதியவருக்கும், கண் பார்வை மங்கியதால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கும், இரவு பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கும் இ-புக்தான் நூலகம்.

ஆக, க்யூவில் நிற்கும் இருநூறு பேருக்காக அதே பெஸ்ட்செல்லரின் உரிமத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பதா, அல்லது இன்று யாரும் கேட்காத, பத்து வருடம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவி தேடி வரப்போகும் புத்தகத்தை வாங்கி வைப்பதா? இந்த முடிவை அல்காரிதம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் பெஸ்ட்செல்லர்தான் ஜெயிக்கும். நூலகர் எடுத்தால் அந்த மாணவிக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

சட்டம் போட்டுப் பார்த்தார்கள்

நியாயமான நிபந்தனைகளில் நூலகங்களுக்கு இ-புக் தர வேண்டும் என்று அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலம் 2021-ல் சட்டம் இயற்றியது. பதிப்பாளர் சங்கம் வழக்குப் போட்டது. காப்புரிமை மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது, மாநிலம் தலையிட முடியாது என்று 2022-ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு வழியில் போனது. கையில் ஒரு அச்சுப் பிரதி இருந்தால், அதை ஸ்கேன் செய்து, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் இரவல் கொடுப்பது அதன் முறை. 2020-ல் கொரோனாவால் நூலகங்கள் மூடியபோது அந்த 'ஒருவருக்கு மட்டும்' கட்டுப்பாட்டையும் சில வாரங்களுக்குத் தளர்த்தியது. நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2023-ல் கீழ் நீதிமன்றமும் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பதிப்பகங்கள் பக்கமே நின்றன. ஐந்து லட்சம் புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து நீங்கின.

பதிப்பாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுத்தாளருக்கு ராயல்டி போக வேண்டும், எடிட்டருக்குச் சம்பளம் போக வேண்டும். ஆனால் சட்டமும் நீதிமன்றமும் கைகொடுக்காத இடத்தில், பொதுமக்கள் சார்பில் பேச மிச்சமிருப்பவர் நூலகர் மட்டும்தான்.

புத்தகமே இல்லாத நூலகம்

சரி, அச்சுப் புத்தகமே இல்லை என்றால் நூலகர் தேவையில்லைதானே? டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் இதைச் செய்தே பார்த்தார்கள். 2013 செப்டம்பரில் அங்கே 'பிப்ளியோடெக்' திறக்கப்பட்டது. அச்சுப் புத்தகம் ஒன்றுகூட இல்லாத பொது நூலகம். தொடக்கத்தில் சுமார் 10,000 இ-புக், இரவல் கொடுக்க நூற்றுக்கணக்கான இ-ரீடர்கள், வரிசையாகக் கணினிகள். பார்க்க ஒரு மொபைல் ஷோரூம் மாதிரி இருக்கும்.

அங்கேயும் ஊழியர்கள் இருக்கிறார்கள். காரணம், அந்த நூலகத்தை அமைத்த இடம். நகரின் தெற்குப் பகுதியில், வீட்டில் இணைய வசதி இல்லாத குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி அது. இ-ரீடரைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. எப்படித் திறப்பது, எப்படித் தேடுவது, குழந்தைக்கு எந்தப் புத்தகம் பொருத்தம், வேலைக்கு ஆன்லைனில் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித் தர ஆள் வேண்டும். அலமாரி போனது, புத்தகத்தில் முத்திரை குத்தும் வேலை போனது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வேலை கூடியது.

இல்லாத புத்தகத்தைத் தேடி வருபவர்கள்

ஏஐ வந்த பிறகு நூலகருக்கு ஒரு வினோதமான வேலை சேர்ந்திருக்கிறது.

2025 மே மாதம் அமெரிக்காவின் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் இணைப்பிதழில், கோடை விடுமுறையில் படிக்க வேண்டிய 15 புத்தகங்களின் பட்டியல் வந்தது. எழுத்தாளர்கள் எல்லாம் நிஜம், பெரிய பெயர்கள். கதைச் சுருக்கமும் கச்சிதம். ஒரே சிக்கல், அந்த 15-ல் 10 புத்தகங்கள் உலகத்திலேயே கிடையாது. வெளி நிறுவனம் ஒன்றுக்காகப் பட்டியலைத் தயாரித்தவர் ஏஐ சொன்னதைச் சரிபார்க்காமல் கொடுத்துவிட்டார்.

இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நூலகத்துக்கு வந்தால் என்ன ஆகும்? "இந்தப் புத்தகம் இல்லை" என்று நூலகர் சொன்னால், "உங்க நூலகத்தில் இல்லையா?" என்பார். "எங்கேயுமே இல்லைங்க" என்று ஆதாரத்தோடு விளக்க வேண்டும். கேட்டலாக்கைப் பார்த்து, பதிப்பகத்தின் பட்டியலைப் பார்த்து, ஐஎஸ்பிஎன் எண்ணைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் தகவல் கிடைப்பதே கஷ்டம், அதைத் தேடிக் கொடுப்பது நூலகரின் வேலை. இப்போது தகவல் கொட்டிக் கிடக்கிறது. அதில் எது நிஜம் என்று பிரித்துக் கொடுப்பது வேலையாகிவிட்டது. ஏஐ இல்லாத புத்தகத்தையும் அதே தன்னம்பிக்கையோடுதான் சொல்லும். 'தெரியலை, பார்த்துச் சொல்றேன்' என்று சொல்லிப் பழகியவர் நூலகர்.

நீங்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

அச்சுப் புத்தகத்தை நீங்கள் எத்தனை மணிக்குப் படித்தீர்கள், எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். இ-புக் அப்படியில்லை.

நூலக இ-புக்குகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய அடோபியின் 'டிஜிட்டல் எடிஷன்ஸ்' மென்பொருள், வாசகர் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கங்களைப் படித்தார் என்ற தகவலை எந்த மறையாக்கமும் இல்லாமல் இணையத்தில் அனுப்பியது 2014-ல் தெரியவந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் கண்டித்தது. அடோபி அதைச் சரிசெய்தது.

இது ஏன் பெரிய விஷயம்? மன அழுத்தம் பற்றிப் படிப்பவர், விவாகரத்துச் சட்டம் படிப்பவர், தனக்கு வந்திருக்கும் நோயைப் பற்றி யாருக்கும் தெரியாமல் படிக்க நினைப்பவர் எல்லோரும் நூலகத்தை நம்பித்தான் வருகிறார்கள். யார் எதைப் படிக்கிறார்கள் என்பதை வெளியே சொல்லாதது நூலகர்களின் பழைய தொழில் தர்மம். இப்போது அந்த தர்மத்தைக் காக்க, செயலியின் நிபந்தனைகளைப் படித்து, வாசகரின் எந்தத் தகவலை நிறுவனத்துக்குத் தரலாம், எதைத் தரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சர்வர் முடங்கினால்?

2023 அக்டோபர் 28. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தை சைபர் தாக்குதல் முடக்கியது. கேட்டலாக்கே இல்லை. கோடிக்கணக்கான ஆவணங்கள் உள்ளே பத்திரமாக இருந்தும், எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தேட வழியில்லை. கேட்டலாக் மறுபடி இணையத்துக்கு வந்தது 2024 ஜனவரியில்தான், அதுவும் வசதிகள் குறைந்த வடிவில்.

அதே நாளில் கனடாவின் டொரண்டோ பொது நூலகமும் தாக்கப்பட்டது. தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ உட்பட நகரம் முழுவதும் நூறு கிளைகள் கொண்ட அமைப்பு அது. வாசகர்கள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஆனால் கணினியில் வரவு வைக்க முடியவில்லை. லட்சக்கணக்கான புத்தகங்கள் டிரெய்லர் லாரிகளில் அடுக்கி வைக்கப்பட்டன. அத்தனை நாளும் கிளைகள் திறந்தே இருந்தன. ஊழியர்கள் கையால் குறித்துக்கொண்டு புத்தகம் கொடுத்தார்கள்.

தொழில்நுட்பம் படுத்துவிட்ட நாளிலும் நூலகம் இயங்கியதற்குக் காரணம், எந்திரம் இல்லாமலும் வேலை தெரிந்த ஆட்கள் அங்கே இருந்ததுதான்.

நம்ம ஊரில் கதை எப்படி?

இங்கே பிரச்சினையும் வேறு, வாய்ப்பும் வேறு.

நூலகத் துறையின் தந்தை என்று இந்தியாவே கொண்டாடும் எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். கணித ஆசிரியராக இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளை உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவருடைய முயற்சியால் 1948-ல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டம், நூலகத்துக்கென்று தனி வரி வசூலிக்க வழிசெய்தது. நீங்கள் கட்டும் சொத்து வரி ரசீதைப் பாருங்கள், அதில் நூலக வரி இருக்கும். அதாவது, ஊர் நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் இல்லாத ஒரு வசதியும் தமிழுக்கு உண்டு. பாரதியின் படைப்புகளில் தொடங்கி, பல எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கி, குடும்பத்தினருக்குப் பரிவுத்தொகை வழங்கிவருகிறது. அந்த நூல்களை யாரும் வெளியிடலாம், இணையத்திலும் வைக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவற்றில் இப்படிப்பட்ட நூல்களுக்கு க்யூவும் கிடையாது, 26 முறை கணக்கும் கிடையாது.

ஆனால் கொட்டி வைத்தால் மட்டும் நூலகம் ஆகிவிடாது. ஒரு உதாரணம். 'கல்கி' என்று தேடுங்கள். எழுத்தாளர் ரா.கிருஷ்ணமூர்த்தி வருவார், அவர் தொடங்கிய பத்திரிகை வரும், பிரபாஸ் நடித்த சினிமாவும் வரும். புதுமைப்பித்தனும் சொ.விருத்தாசலமும் ஒரே ஆள் என்று கணினிக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். சுப்பிரமணிய பாரதி, சுப்ரமண்ய பாரதி, சுப்பிரமணிய பாரதியார் மூன்றும் ஒருவரே என்றும் பதிய வேண்டும். பெயர், பதிப்பு, ஆண்டு, பொருள் எல்லாவற்றையும் முறையாகப் பதிவு செய்வதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். அது சரியில்லை என்றால் புத்தகம் இருந்தும் இல்லாததற்குச் சமம். அதைச் செய்யத் தெரிந்தவர் நூலகர்.

இன்னொரு சிக்கல் எழுத்துரு. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழில் ஆளுக்கொரு எழுத்துரு முறை இருந்தது. அப்போது தட்டச்சு செய்த ஃபைலை இன்று திறந்தால் பல நேரம் கொக்கி கொக்கியாக ஏதோ தெரியும். நூறு வருடப் பழைய அச்சுப் புத்தகத்தைப் படித்துவிடலாம், இருபத்தைந்து வருடப் பழைய ஃபைலைப் படிக்க முடியாமல் போகலாம். அவற்றை மாற்றி, சரிபார்த்து, புது வடிவத்தில் சேமிப்பதும் இப்போது நூலக வேலைதான்.

சட்டம் இதற்கு ஓரளவு இடம் தருகிறது. 2012-ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, அச்சுப் பிரதி ஏற்கெனவே கையில் இருந்தால், லாப நோக்கமற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமிக்கலாம். சேமிக்கலாம் என்றால் எல்லோருக்கும் விநியோகிக்கலாம் என்று அர்த்தமில்லை. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்து நடப்பதும் அதே வேலையில் அடங்கும்.

சேமிப்பது ஏன் அவசரம் என்று தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே பிரதியாக இருந்தவை அத்தோடு போயின. 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்துவருகிறது. ஒரு ஊரில் எரிந்தாலும் இன்னொரு சர்வரில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.

கல்லூரிகளில் இந்த வாடகைக் கணக்கு ஏற்கெனவே பெரிய அளவில் வந்துவிட்டது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிடுகிறது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். ஏறத்தாழ 1.8 கோடி பேருக்குப் பயன்பட வேண்டிய திட்டம். ஆனால் எத்தனை மாணவர்களுக்கு அதில் எப்படி நுழைவது என்று தெரியும்? உங்கள் காலேஜில் நூலகர் சொல்லிக்கொடுத்திருந்தால் தெரியும். இல்லையென்றால் 6,000 கோடி பூட்டிய அலமாரிதான்.

அப்போ வேலை போகுமா, போகாதா?

நேர்மையாகச் சொன்னால், சில வேலைகள் போகும். முத்திரை குத்துவது, அட்டையில் எழுதுவது, திரும்பி வந்த புத்தகத்தைப் பதிவது எல்லாம் ஏற்கெனவே எந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதை மட்டுமே நூலகர் வேலை என்று நினைத்தால், வேலை போகத்தான் செய்யும்.

ஆபத்து இ-ரீடரிலும் ஏஐ-யிலும் இல்லை. 'எல்லாம்தான் ஃபோன்லயே இருக்கே' என்று ஒரு பட்ஜெட் கூட்டத்தில் யாரோ சொல்வதில் இருக்கிறது. அந்த ஒரு வரியில் ஓய்வுபெறும் நூலகரின் இடம் காலியாகவே விடப்படும். அடுத்த வருடம் கட்டணத்தை நிறுவனம் உயர்த்தும்போது கேள்வி கேட்க ஆள் இருக்காது. வாசகர் தகவல் எங்கே போகிறது என்று பார்க்கவும் ஆள் இருக்காது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண்ணிடம், "நீ பார்க்கிற இந்த இணையதளம் நம்பகமானது இல்லம்மா, இதைப் படி" என்று சொல்லவும் யாரும் இருக்க மாட்டார்கள். க்யூ இருக்கும். அது ஏன் இருக்கிறது என்று கேட்பவர் இருக்க மாட்டார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- இந்த வாரம் உங்கள் ஊர் நூலகத்துக்கு ஒருமுறை போங்கள். உறுப்பினர் எண்ணிக்கையும் வருகைப் பதிவும்தான் நூலகர் தன் நூலகத்துக்காக வாதாடக் கையில் வைத்திருக்கும் ஆதாரம்.
- ஏஐ ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்தால், வாங்கும் முன் நூலகக் கேட்டலாக்கிலோ பதிப்பகத்தின் பட்டியலிலோ பெயரைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள்.
- ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பழகுங்கள். இரண்டும் இலவசம்.
- காசு கொடுத்து இ-புக் வாங்கும்போது, தரவிறக்கி வைத்துக்கொள்ள முடியுமா, அந்தச் செயலிக்குள் மட்டும்தான் படிக்க முடியுமா என்று ஒருமுறை பாருங்கள்.
- அரசுக் கல்லூரியில் படிப்பவர் என்றால், 'ஒரே நாடு ஒரே சந்தா'வில் எப்படி நுழைவது என்று நாளைக்கே உங்கள் நூலகரிடம் கேளுங்கள். அவருக்கும் பிடித்த கேள்வியாக அது இருக்கும்.